காவிரி டெல்டா கடற்கரை: யார், எங்கே, எதைச் செய்யலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொள்ளிடம் கடலில் கலக்கும் பழையாறு தொடங்கி, தரங்கம்பாடி, காரைக்கால், நாகப்பட்டினம், வேதாரண்யம் வழியாக இறங்கி, கோடியக்கரையில் மேற்கே திரும்பி முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் வரை போகும் கரைக்கான பக்கம் இது. ஊர்ப் பஞ்சாயத்தார், ஊராட்சித் தலைவர்கள், கடைமடை விவசாயிகள், இறால் பண்ணைக்காரர்கள், கரையோரத்தில் வீடு கட்ட நினைப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தருகிறோம்.

கடலுக்கும் கரைக்கும் எதற்குத் திட்டம்? இத்தனை காலம் திட்டமா போட்டோம்?

போட்டோம். எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான். கரைவலை இழுக்க எந்தக் கரை, கருவாடு காய எந்த மேடு, வெளியூர்ப் படகு வந்தால் எங்கே கட்டுவது என்பதற்கெல்லாம் ஒவ்வொரு மீனவ ஊரிலும் கட்டுப்பாடு உண்டு. கரைக்கு வந்தவர்கள் மீனவர்கள் மட்டுமாக இருந்தவரை அது போதுமானதாக இருந்தது.

இப்போது அதே கரையில் துறைமுகம், எண்ணெய்க் குழாய், இறால் பண்ணை, உப்பளம், விடுதி, தூண்டில் வளைவு (கடலுக்குள் நீட்டிக் கட்டும் கல் தடுப்பு), சவுக்குத் தோப்பு எல்லாம் இடம் கேட்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனி அலுவலகம், தனிச் சட்டம், தனி வரைபடம். அந்த வரைபடங்களில் ஊரின் வாய்மொழிக் கட்டுப்பாடு எங்கும் இல்லை. கருவாடு காயும் மேடு அரசு ஏட்டில் ‘மணல்வெளி’ அல்லது ‘புறம்போக்கு’. வரைபடத்தில் காலியாகத் தெரியும் இடத்தைத்தான் புதிதாக வருபவர் கேட்பார். ஆகவே ஊரின் புழக்கத்தை வரைபடத்தில் ஏற்றுவதுதான் முதல் வேலை. அதைச் செய்யும் முறையைக் கீழே விரிவாகவே சொல்லியிருக்கிறோம்.

கரையிலிருந்து கடல்வரை எந்த விதி எங்கே பொருந்தும்?

அடிப்படை, சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) சட்டம் 1986. அதன் கீழ்க் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை 1991, 2011, 2019 என மூன்று முறை வந்தது. பேச்சுவழக்கில் இதை ‘சி.ஆர்.இசட்.’ என்பார்கள். உயர் அலைக்கோட்டிலிருந்து நிலப்பக்கம் 500 மீட்டர் வரையும், கடல்பக்கம் 12 கடல்மைல் வரையும், ஓதம் (கடல்நீர் ஏற்றவற்றம்) ஏறும் ஆறு, வாய்க்கால், காயல்களின் கரைகளும் இதற்குள் வரும். 1 கடல்மைல் 1.852 கிலோமீட்டர், 12 கடல்மைல் சுமார் 22 கிலோமீட்டர்.

முதல் வகை, தொடக்கூடாத இடங்கள்: அலையாத்திக் காடு, மணற்குன்று, ஆமை முட்டையிடும் கரை, சேற்றுத்திட்டு, சதுப்பு, கூடவே ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடைப்பட்ட நிலம். 1,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட அலையாத்திக் காட்டைச் சுற்றி 50 மீட்டர் காப்பு உண்டு. இரண்டாம் வகை, ஏற்கெனவே கட்டப்பட்ட நகரப்பகுதி. மூன்றாம் வகை, ஊரகம். டெல்டா கரையில் பெரும்பகுதி இதுதான். நான்காம் வகை, நீர்ப்பரப்பு.

மூன்றாம் வகையில் 2011 விதிப்படி முதல் 200 மீட்டர் வளர்ச்சித் தடைப் பகுதி, அதாவது புதிதாகக் கட்டக்கூடாத பகுதி. 2019 அறிவிக்கை இதை இரண்டாகப் பிரித்தது. 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் இருந்தால் தடைப்பகுதி 50 மீட்டர். குறைவாக இருந்தால் அதே 200 மீட்டர். ஒரு நிபந்தனை பலர் கண்ணில் படுவதில்லை: மக்களிடம் கருத்துக்கேட்டு, 2019 அறிவிக்கையின்படி தயாரித்த கடலோர மண்டல மேலாண்மைத் திட்டம் ஒப்புதல் பெற்றால்தான் 50 மீட்டர் நடைமுறைக்கு வரும். அதுவரை 200 மீட்டர்தான். உங்கள் ஊருக்கு எந்தத் திட்ட வரைபடம் நடப்பில் உள்ளது, எந்தத் தேதியிட்டது என்பதை ஆட்சியர் அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பழைய வரைபடத்தையும் புதிய விதியையும் ஒட்டிப் பேசித்தான் பாதி தகராறு வருகிறது.

நெருக்கடியான எங்கள் குப்பத்தில் வீட்டோடு வீடு ஒட்டியிருக்கிறது. எப்படி ‘குறைந்த நெரிசல்’ வகையில் போனது?

எந்தப் பரப்பால் வகுத்தார்கள் என்று பாருங்கள். கணக்குக்கு ஒரு வருவாய்க் கிராமம் 4 சதுர கிலோமீட்டர், மக்கள் 4,000 என்று வைப்போம். வகுத்தால் 1,000 பேர். ஆனால் அந்த 4,000 பேரும் அரை சதுர கிலோமீட்டரில் குடியிருக்கலாம். மீதி வயலும் உப்பளமும். குடியிருப்பை மட்டும் எடுத்தால் 8,000 பேர். டெல்டாவில் வருவாய்க் கிராமங்கள் வயலையும் சேர்த்து அகலமாக இருப்பதால் இந்த வித்தியாசம் பெரிது.

ஆனால் 50 மீட்டர் வகையில் சேர்ப்பதுதான் ஊருக்கு நல்லது என்று அவசரப்பட வேண்டாம். மீனவர் வீடு கட்ட இடம் கிடைக்கும் அதே வாசல் வழியாக மற்றவர்களும் உள்ளே வருவார்கள். 200 மீட்டர் தடை பல ஊர்களில் கரைப் புறம்போக்கை இன்றுவரை காத்திருக்கிறது. ஊர் கூடி இரண்டையும் எடைபோட்டு முடிவெடுக்க வேண்டிய விஷயம் இது.

உயர் அலைக்கோடு என்பது புயலில் தண்ணீர் ஏறிய இடமா?

இல்லை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய பெரிய ஏற்றத்தில் நீர் தொடும் கோடு. கஜா புயலிலோ சுனாமியிலோ நீர் எதுவரை வந்தது என்பது இதில் சேராது. அதற்கு ‘அபாயக் கோடு’ என்று தனிக் கோடு உண்டு. 2019 விதிப்படி அது பேரிடர்த் திட்டமிடலுக்கான கருவி, கட்டுமானத்தைத் தடுக்கும் கோடு அன்று. உயர் அலைக்கோட்டை வரையறுப்பது சென்னையில் உள்ள தேசிய நிலைத்த கடலோர மேலாண்மை மையம். ஊராட்சியோ, தாலுகா அலுவலகமோ, மனை விற்பவரோ கல் நட்டுக் காட்டும் கோட்டுக்கு மதிப்பில்லை.

எங்கள் ஊர் கடலிலிருந்து 6 கிலோமீட்டர். வாய்க்கால் கரையில் கொட்டகை போட்டதற்கு ‘சி.ஆர்.இசட்.’ என்கிறார்களே?

சரியாக இருக்கக்கூடும். நம் கரையில் ஏற்றவற்ற வித்தியாசம் ஒரு மீட்டருக்கும் குறைவு. ஆனால் நிலம் தட்டையாக இருப்பதால் அந்த ஒரு மீட்டர் வெகுதூரம் உள்ளே ஏறிவிடும். கோடையின் வறண்ட நாளில் நீரின் உப்பு ஆயிரத்தில் 5 பங்கு இருக்கும் இடம்வரை ஆற்றின் கரையும் மண்டலத்துக்குள் வரும். கடல்நீரின் உப்பு ஆயிரத்துக்கு 35. கரையில் விதி பொருந்தும் அகலம், 2011 விதிப்படி 100 மீட்டர் அல்லது ஆற்றின் அகலம், இரண்டில் குறைவானது; 2019 விதிப்படி 50 மீட்டர் அல்லது ஆற்றின் அகலம், இரண்டில் குறைவானது. 12 மீட்டர் அகல வாய்க்காலுக்கு 12 மீட்டர்தான்.

அந்த 5 பங்கு எங்கே முடிகிறது என்பதை நீங்களே சோதிக்கலாம். இறால் பண்ணைகளில் வைத்திருக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் போதும்; ஒரு சொட்டு நீரில் உப்பைக் காட்டும். சோதிக்கும் முன் நல்ல தண்ணீரை விட்டுப் பூஜ்ஜியம் காட்டுகிறதா என்று பாருங்கள். மே மாதம், மேட்டூர் நீர் வருவதற்கு முன், பௌர்ணமி ஏற்றத்தின் உச்சத்தில் எடுக்க வேண்டும். மேல்தண்ணீரை மட்டும் எடுப்பது பொதுவாக நடக்கும் தவறு. உப்புநீர் கனமானது, அடியில் ஆப்பு போலப் புகுந்துவரும், மேலே நல்ல தண்ணீர் மிதக்கும். ஒரு புட்டியில் கல் கட்டி, தக்கையில் கயிறு போட்டு இறக்கி, அடியில் போனதும் தக்கையைப் பிடுங்கினால் அடித்தண்ணீர் கிடைக்கும்.

கடைமடை இயக்கணை (கதவு வைத்த தடுப்பணை) இருக்கும் ஆற்றில் கதவுக்கு மேலும் கீழும் தனித்தனியாக எடுங்கள். கதவின் ரப்பர் போய்விட்டாலோ, அடிப்பலகை அரித்திருந்தாலோ மேல்பக்கமும் உப்பு ஏறியிருக்கும். அது ஆற்றின் இயல்பு அன்று, பழுது. அதை வைத்து மண்டல எல்லையை மேலே தள்ளியிருந்தால் ஆட்சேபிக்கலாம். கதவைச் சரிசெய்யச் சொல்லிப் நீர்வளத் துறையையும் அதே கடிதத்தில் கேளுங்கள்.

ஊரின் புழக்க வரைபடத்தை எப்படித் தயாரிப்பது?

இந்தப் பக்கத்தில் வேறெதையும் படிக்காவிட்டாலும் இதைப் படியுங்கள். ஏன் இது சட்டப்படி முக்கியம் என்றால், மீனவ ஊர்கள், அவற்றின் பொதுச் சொத்துகள், இறங்குதளம், ஐஸ் தொழிற்சாலை, மீன் காயவைக்கும் இடம், பாதை, பள்ளி, மருத்துவமனை ஆகியவற்றைக் கிராம அளவிலான வரைபடத்தில் காட்ட வேண்டும் என்று மண்டல அறிவிக்கையே சொல்கிறது. மீனவரின் நீண்டகால வீட்டுத் தேவைக்கும் திட்டம் போட வேண்டும் என்கிறது. சென்னையில் உட்கார்ந்து செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து வரைபவருக்குக் கருவாடு காயும் மேடும் வெறும் மணலும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

முதலில் தாலுகா அலுவலகத்தில் கிராம வரைபடம், புலப்படங்கள் (ஒவ்வொரு சர்வே எண்ணின் அளவுப்படம்), அ-பதிவேட்டு (நிலம் யாருடையது, என்ன வகை என்ற கிராமக் கணக்கு) நகல் ஆகியவற்றை வாங்குங்கள். அடிப்படைப் படத்தை 1:4,000 அளவில் அச்சிடுங்கள். அதிகார வரைபடமும் ஏறத்தாழ இந்த அளவுதான், ஒன்றின்மேல் ஒன்றை வைத்துப் பார்க்கலாம். இந்த அளவில் 1 சென்டிமீட்டர் 40 மீட்டர். 50 மீட்டர் தடைப்பகுதி ஒன்றேகால் சென்டிமீட்டர், 200 மீட்டர் 5 சென்டிமீட்டர், 500 மீட்டர் பன்னிரண்டரை சென்டிமீட்டர். இதைச் சுவரில் ஒட்டிவிட்டால் கண்ணாடி போடாத பெரியவருக்கும் புரியும்.

பிறகு நடக்க வேண்டும். செல்போன் ஜி.பி.எஸ். போதும், திறந்தவெளியில் 3 முதல் 10 மீட்டர் பிழை வரும். ஒவ்வொரு மூலையிலும் ஒரு நிமிடம் நின்று, எண் நிலைத்த பிறகு குறியுங்கள். படகு கட்டும் இடம், கரைவலை இழுக்கும் நீளம், வலை உலர்த்தும் கூடம், ஏலக்கூடம், கருவாட்டு மேடு, சுடுகாடு, கோயில், கடலுக்கு இறங்கும் பாதை, புயலுக்குப் படகை ஏற்றும் மேடு என எல்லாம். புயல் மேட்டை வருடத்தில் நான்கு நாள்தான் பயன்படுத்துவார்கள், அதனால் பெரும்பாலும் விட்டுப்போகும். பறிபோனபின் வரும் முதல் புயலில்தான் அதன் அருமை தெரியும்.

பெண்களோடு தனியாக ஒருமுறை நடக்க வேண்டும். காயவைக்கும் இடம், ஏலம் எடுத்த மீனை ஐஸ் போட்டு வைக்கும் இடம், கூடை ஏற்றி பஸ்ஸுக்கு நடக்கும் பாதை, கழிமுகத்தில் கையால் இறால் தடவும் இடம் எல்லாம் அவர்களுக்குத்தான் துல்லியமாகத் தெரியும். ஊர்க்கூட்டத்தில் ஆண்கள் மட்டும் வரைந்த படங்களில் இவை பாதிக்குமேல் இருப்பதில்லை.

ஒவ்வொரு இடத்துக்கும் மாதக்கணக்கு எழுதுங்கள்: எந்த மாதம், எத்தனை குடும்பம், என்ன தொழில். வாடைக்காற்றுக் காலத்தில் காலியாக இருக்கும் கரையை டிசம்பரில் வந்து படம்பிடித்து ‘பயன்பாடற்றது’ என்று எழுதிவிடுவார்கள். மாதக்கணக்கு இருந்தால் அதை மறுக்க முடியும்.

கடலுக்குள் குறிக்கும்போது ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. படகின் ஜி.பி.எஸ். பெரும்பாலும் பாகையும் கலையுமாகக் காட்டும்: 10 பாகை 46.500 கலை. கணினி வரைபடம் தசம பாகையில் கேட்கும்: 46.5-ஐ 60-ஆல் வகுத்து 10.775 என்று எழுத வேண்டும். அப்படியே 10.465 என்று தட்டினால் இடம் 34 கிலோமீட்டர் தெற்கே போய்விடும். இப்படி வயலுக்குள் விழுந்த மீன்பாடுகளோடு (மீன் கிடைக்கும் இடங்களோடு) மனு போனால், மற்ற எல்லாப் புள்ளியையும் சேர்த்துச் சந்தேகிப்பார்கள். ஆழத்தை ஊர்வழக்கப்படி பாகத்தில் கேட்டுக்கொண்டு, பக்கத்தில் மீட்டரிலும் எழுதுங்கள். 1 பாகம் சுமார் 1.8 மீட்டர்.

நல்ல பாடுகளின் துல்லியப் புள்ளியை வெளியில் கொடுக்காதீர்கள். பார், கிடங்கு இவற்றின் எண்கள் தலைமுறைகளாகச் சேர்த்த சொத்து. மனுவில் பெரிய கட்டமாகக் காட்டினால் போதும். துல்லியப் புள்ளி ஊர்க்கணக்கில் இருக்கட்டும்.

பக்கத்து ஊரோடு சண்டையுள்ள இடத்தை உங்கள் பெயரில் மட்டும் போடாமல், ‘இரு ஊர்ப் புழக்கம்’ என்று கோடிட்டுக் காட்டுங்கள். இரண்டு ஊர்ப் படமும் முரண்பட்டால் இரண்டையும் ஒதுக்கிவிடுவது அதிகாரிக்கு எளிது.

கடைசியில் கிராம சபையில் வைத்துத் தீர்மானமாக்குங்கள். தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் கூடுகிறது. ஊர்ப் பஞ்சாயத்தின் கையொப்பத்துக்கு ஊரில் மதிப்புண்டு. ஆனால் கோப்பில் நிற்பது ஊராட்சியின் தீர்மான எண்தான். இரண்டும் வேண்டும்.

வரைவுத் திட்டத்துக்கான கருத்துக்கேட்புக் கூட்டத்தில் என்ன சொல்ல வேண்டும்?

பேசுவதைவிட எழுதிக் கொடுப்பது முக்கியம். ‘எங்கள் வாழ்வாதாரம் பாதிக்கும், திட்டம் வேண்டாம்’ என்று எழுதினால் பதில் எழுதும் அலுவலருக்கு வேலையே இல்லை. ‘குறித்துக்கொள்ளப்பட்டது’ என்று முடித்துவிடுவார். ‘வரைபடத்தாள் எண் இன்னது, சர்வே எண் இன்னது, மணல்வெளி என்று காட்டியிருப்பது மீன் காயவைக்கும் இடம், நான்கு மூலைப் புள்ளிகள் இவை, கிராம சபைத் தீர்மானம் இன்ன தேதி, திருத்தவும்’ என்றால் அதைத் திருத்த வேண்டும், அல்லது மறுப்புக்குக் காரணம் எழுத வேண்டும். ஒரு பிழைக்கு ஒரு தாள். ஒரே மனுவில் இருபது பிழை எழுதினால் மூன்றுக்குத்தான் பதில் வரும்.

மாவட்டக் கடலோர மண்டல மேலாண்மைக் குழு ஆட்சியர் தலைமையில் இயங்குகிறது. அதில் மீனவர் உள்ளிட்ட பாரம்பரியக் கடலோரச் சமூகத்தார் மூன்று பேராவது இருக்க வேண்டும் என்பது விதி. உங்கள் மாவட்டத்தில் அவர்கள் யார் என்று தெரிந்துவைத்துக்கொண்டு, அவர்களிடமும் ஒரு நகல் கொடுங்கள்.

மீனவர் வீடு கட்டவோ விரிக்கவோ முடியுமா?

2011 விதியில், ஊரகப் பகுதியில் 100 முதல் 200 மீட்டருக்குள் பாரம்பரியக் கடலோரச் சமூகத்தார் வீடு கட்ட இடமுண்டு; மாநில அரசு அதற்கென முழுத்திட்டம் போட்டிருக்க வேண்டும். 200 முதல் 500 மீட்டருக்குள் பாரம்பரிய உரிமையின் அடிப்படையில், தரைத்தளமும் ஒரு மாடியும், 9 மீட்டர் உயரத்துக்குள். அனுமதியுள்ள பழைய வீட்டை, இருக்கிற பரப்புக்குள் பழுதுபார்க்க விதியில் இடமுண்டு. பட்டா இல்லாத பழைய வீட்டுக்கு வீட்டுவரி ரசீது, மின் இணைப்பு, சுனாமிக்குப் பிந்தைய குடியிருப்பு ஒதுக்கீட்டு ஆணை எது இருந்தாலும் பத்திரமாக வையுங்கள்.

3 கடல்மைலுக்குள் விசைப்படகு வரலாமா? சுருக்குமடி, இரட்டைமடி பற்றிய நிலை என்ன?

தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குபடுத்தும் சட்டம் 1983-இன்படி கரையிலிருந்து 3 கடல்மைல், அதாவது ஐந்தரைக் கிலோமீட்டர், நாட்டுப்படகுகளுக்கானது. விசைப்படகு அதற்கு வெளியேதான் தொழில் செய்ய வேண்டும். இரட்டைமடி, அதாவது இரண்டு படகு சேர்ந்து இழுக்கும் வலை, தடைசெய்யப்பட்டது. இழுவலையின் மடிக் கண்ணி 40 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுத் தடைக்காலம். பாக் நீரிணைப் பக்கம், மல்லிப்பட்டினம், சேதுபாவாசத்திரம் போன்ற ஊர்களில், வாரத்தில் 3 நாள் விசைப்படகு, 4 நாள் நாட்டுப்படகு என்ற முறை இருக்கிறது. ஒரே நீரை இடத்தால் பிரிக்க முடியாதபோது நாளால் பிரிப்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு நம் கரையில் கிடையாது.

மீன்கூட்டத்தை வளைத்து அடியைச் சுருக்கிப் பிடிக்கும் சுருக்குமடியைத் தமிழ்நாடு 2000-இல் தடைசெய்தது. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இடைக்கால ஆணையில், 12 கடல்மைலுக்கு வெளியே, திங்களும் வியாழனும், காலை 8 முதல் மாலை 6 வரை, பதிவும் கண்காணிப்புக் கருவியும் உள்ள படகுகளுக்கு அனுமதித்தது. 12 கடல்மைலுக்குள் தடை தொடர்கிறது.

சிக்கல் எங்கே என்றால், 22 கிலோமீட்டர் போய், வளைத்து, 6 மணிக்குள் கரை சேர வேண்டும். மத்தி, கானாங்கெளுத்திக் கூட்டமோ பல நேரம் கரையை ஒட்டியே நிற்கும். அதனால்தான் எல்லை மீறலும் கரைச் சண்டையும். மீறலைப் புகாராக்க வேண்டுமானால் படகின் பதிவு எண், நேரம், நீங்கள் நின்ற புள்ளி மூன்றும் ஒரே படத்தில் தெரிய வேண்டும். தூரத்திலிருந்து எடுத்த படகுப் படம் மட்டும் எதையும் நிரூபிக்காது. வலையை அறுப்பது, படகை முட்டுவது என்று இறங்கினால் வழக்கு உங்கள்மேல் திரும்பும், உயிரும் போகும்.

இறால் பண்ணை வைக்க என்ன விதி? எது தவறிப்போகிறது?

டெல்டாவுக்கு இதில் தனி வரலாறு உண்டு. வயல்களையும் குடிநீரையும் உப்பாக்கிய பண்ணைகளை எதிர்த்து, காந்தியர் எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில்தான் 1996 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. அதன் தொடர்ச்சியாகவே கடலோர நீருயிரி வளர்ப்பு ஆணையச் சட்டம் 2005 வந்தது. 2023-இல் திருத்தப்பட்டது, சிறைத்தண்டனைக்குப் பதில் அபராதம் வந்தது, குஞ்சுப் பொரிப்பகம் போன்றவற்றுக்குத் தளர்வும் வந்தது.

பதிவு 5 ஆண்டுக்குச் செல்லும். 2 ஹெக்டேர் வரை மாவட்டக் குழு பார்க்கும். அதற்கு மேல் மாநிலக் குழு வழியாக ஆணையம். உயர் அலைக்கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் பண்ணைக்குளம் கூடாது. வயல், அலையாத்திக் காடு, உப்பள நிலத்தை மாற்றக்கூடாது. வனாமி இறாலுக்கு விடும் அடர்த்தி சதுர மீட்டருக்கு 60-ஐத் தாண்டக்கூடாது. வெளியேற்றும் நீரின் உயிர்வேதி ஆக்சிஜன் தேவை (நீரில் எவ்வளவு கழிவு இருக்கிறது என்று காட்டும் அளவு), திறந்த கடலுக்கு லிட்டருக்கு 50 மில்லிகிராம், கழிமுகத்துக்கு 20 மில்லிகிராம். நாம் விடுவது பெரும்பாலும் உப்பனாற்றிலும் வடிகாலிலும்தான், ஆகவே 20-தான் நமக்கு அளவு.

தவறுவது பெரும்பாலும் மூன்று இடத்தில். முதலாவது, ஒரே வாய்க்காலில் ஒருவர் தண்ணீரை விடுவதும், கீழே இருப்பவர் அதையே ஏற்றுவதும். ஒரு குளத்தில் வெண்புள்ளி நோய் வந்தால் வாய்க்கால் முழுதும் பரவிவிடும். பாசன முறைபோல விடும் நாள், ஏற்றும் நாள் என்று பண்ணைக்காரர்கள் பிரித்துக்கொள்ள வேண்டும். விடுவதை வற்றத்தில், ஏற்றுவதை ஏற்றத்தில் வையுங்கள். இரண்டாவது, கசிவு. குளத்துக்கும் பக்கத்து வயலுக்கும் இடையே, குளத்தின் அடிமட்டத்தைவிட ஆழமான ஒரு கசிவு வாய்க்கால் வெட்டி வடிகாலில் சேர்க்காவிட்டால், அடுத்த சம்பாவில் வரப்போரப் பயிர் காந்திவிடும். மூன்றாவது, வடிகாலை மறித்துக் குளம் போடுவது. ஐப்பசி கார்த்திகையில் மேலே பெய்யும் மழை முழுதும் இந்த வடிகால்களில்தான் இறங்கியாக வேண்டும். மறித்தால் வயல் நாள்கணக்கில் முழுகும், ஊர் பகையாகும்.

முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டை ஒட்டிய தரிசில் கன்று நட்டால் வளருமா?

வெறுமே நட்டால் வளராது. இங்கே பெரும்பகுதி வெண்கண்டல். முன்பு காட்டைக் கட்டம் கட்டமாக வெட்டினார்கள். வெயில் பட்ட சேறு காய்ந்து, சுருங்கி, நடுவில் தாம்பாளம்போலக் குழிந்தது. ஏற்றத்தில் புகும் நீர் வெளியேறாமல் நின்று ஆவியாகி, உப்பு மட்டும் ஏறிக்கொண்டே போகும். மரம் வராததற்குக் காரணம் விதைப் பஞ்சம் இல்லை, தேங்கிய உப்பு.

அதனால் முதலில் தண்ணீருக்கு வழி. மீன்முள் வடிவில், நடுவே ஒரு பெரிய வாய்க்கால், இருபுறமும் சாய்வாகக் கிளை வாய்க்கால்கள், வனத்துறையும் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் இங்கும் பிச்சாவரத்திலும் செய்து காட்டிய முறை. வாய்க்கால் மேலே அகன்று கீழே குறுகியிருக்க வேண்டும், செங்குத்தாக வெட்டினால் ஒரே பருவத்தில் சரிந்துவிடும். கன்றைச் சரிவின் நடுவில் நடுங்கள். மேட்டில் நட்டால் காயும், அடியில் நட்டால் முழுகும். சில ஆண்டுக்கு ஒருமுறை தூர்வார வேண்டும். அந்தச் செலவைத் திட்டத்தில் எழுதாத நடவுகள் வாய்க்கால் தூர்ந்ததும் பட்டுப்போகின்றன.

மணற்கரையில் அலையாத்தி நடுவதும், ஆமைக் கரையில் நீர்விளிம்புவரை சவுக்கு நடுவதும் நல்ல எண்ணத்தில் செய்யும் கெடுதல்.

முகத்துவாரம் தூர்ந்துவிட்டது. தூண்டில் வளைவு கேட்கலாமா?

அது மணலை உண்டாக்காது. ஒரு பக்கம் போகும் மணலைப் பிடித்து இன்னொரு பக்கம் வைக்கும். சென்னைத் துறைமுகம் கட்டியபின் தெற்கே மெரினா அகன்றதும் வடக்கே ராயபுரம் பக்கம் கரை தேய்ந்ததும் எல்லோரும் அறிந்தது. உங்கள் ஊருக்கு வந்த கல், பக்கத்து ஊருக்கு அரிப்பாகும்; அவர்களும் கேட்பார்கள்; இப்படியே கரை முழுதும் கல்லாகும். கரைவலை இழுக்க இடமிருக்காது.

மணல் ஓட்டம் வருடத்தில் திசை மாறும். சோளகக் காற்றில் (தென்காற்று) ஒருபக்கம், வாடையில் (வடகாற்று) மறுபக்கம். ஓர் ஆண்டாவது அளந்தபின்தான் வடிவத்தை முடிவுசெய்ய வேண்டும். அளக்க ஊரே உதவலாம்: கரையில் அசையாத கம்பம் அல்லது கோயில் மதிலைக் குறியாக வைத்து, மாதம் ஒருமுறை, ஒரே ஓத நிலையில், நீர்விளிம்புவரை நாடா பிடித்து எழுதுங்கள். பன்னிரண்டு வரி எழுதிய நோட்டு, பொறியாளர் கூட்டத்தில் நிறையப் பேசும்.

தூர்வாரிய மணலை எங்கே கொட்டுவது என்பதையும் கேட்டுப்பெறுங்கள். அரிக்கும் பக்கத்துக் கரையில் போட்டால் பயன். வாய்க்குப் பக்கத்திலேயே குவித்தால் அடுத்த வாடையில் திரும்பி வந்துவிடும்.

காவிரி நீர் கடலில் வீணாகக் கலக்கிறது என்கிறார்களே, அதைத் தடுத்தால் நல்லதுதானே?

கடைமடைக்குத் தண்ணீர் வராமல் பயிர் காயும் ஊரில் இதைச் சொல்வது கடினம். ஆனாலும் சொல்லியாக வேண்டும். கடலுக்குப் போகும் நீர் முழுதும் வீண் கிடையாது. ஆறு கொண்டுவரும் மணல்தான் கரை. 1836-இல் கொள்ளிடத்தில் மேலணையும் கீழணையும், 1934-இல் மேட்டூரும் வந்தபின் மணல் மேலேயே தங்குகிறது. மிச்சத்தை ஆற்றுமணல் அள்ளுவதில் இழக்கிறோம். கழிமுகத்தில் இறால் குஞ்சு வளர நல்லதண்ணீர் கலக்க வேண்டும். முத்துப்பேட்டைக்குப் பாமணியாறும் கோரையாறும் கொண்டுவரும் நீர் குறைந்தால் அங்கே உப்பு ஏறும்.

நிலத்தடியிலும் இதே கணக்கு. கடல்மட்டத்துக்குமேல் 1 மீட்டர் நல்லநீர் நின்றால், அதன் அடியில் சுமார் 40 மீட்டர் ஆழம்வரை நல்லநீர் உப்பை அழுத்திப்பிடிக்கும். ஆழ்துளையால் மேலே 1 மீட்டர் இறக்கினால், கீழே 40 மீட்டர் உப்பு ஏற இடம்விட்டதாகும். 200 முதல் 500 மீட்டருக்குள் வேறு வழியில்லாதபோது, சாதாரணக் கிணற்றில் கையால் இறைக்க மட்டும் மண்டல விதி அனுமதிப்பதன் காரணம் இதுதான்.

ஆமைக் காலத்தில் என்ன கட்டுப்பாடு? ஆவுளியா காப்பகத்தில் மீன்பிடிக்கத் தடையா?

பங்குனி ஆமை நம் கரையில் ஜனவரி முதல் மார்ச், ஏப்ரல் வரை முட்டையிடும். 45 முதல் 60 நாளில் குஞ்சு பொரியும். அந்த மாதங்களில் கரையை நோக்கிய விளக்குகளை நிலப்பக்கம் திருப்புங்கள். குஞ்சு வெளிச்சத்தை நோக்கித்தான் போகும்.

2022-இல் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டர் ஆவுளியா (கடற்பசு) பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்டது, நாட்டிலேயே முதலாவது. இது சரணாலயம் இல்லை. அறிவிப்பால் மட்டும் மீன்பிடி உரிமை போய்விடாது. மேலாண்மைக் குழுவில் ஊராட்சிப் பிரதிநிதிக்கு இடமுண்டு. கடல்புல்லைச் சுரண்டும் இழுவலைதான் ஆவுளியாவுக்கும், கடல்புல்லில் வளரும் நண்டுக்கும் இறாலுக்கும் ஒரே எதிரி. இதில் நாட்டுப்படகுக்காரரும் வனத்துறையும் ஒரே பக்கம் நிற்க முடியும்.

பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் கடலுக்கும் பொருந்துமா?

2020-இல் வந்த அந்தச் சட்டம் டெல்டா நிலத்தில் புதிய எண்ணெய், எரிவாயுத் துரப்பணம் போன்றவற்றைத் தடுக்கிறது. ஏற்கெனவே நடப்பவை தொடரும். அது பேசுவது நிலத்தை. கடலடி எண்ணெய்வளம் ஒன்றிய அரசின் கையில். கடலில் வரும் திட்டத்துக்கு மண்டல விதிப்படியான அனுமதியும் கருத்துக்கேட்பும்தான் உங்கள் பிடி.

காரைக்காலுக்கும் இதே அலுவலகங்களா?

இல்லை. புதுச்சேரிக்குத் தனி ஆணையம், தனி மீன்வளத் துறை, தனித் திட்டம். இந்தியா நார்வேயோடு சேர்ந்து தொடங்கிய கடல்பரப்புத் திட்டமிடலில் (எந்தக் கடல்பரப்பில் எந்த வேலை என்று வகுப்பது) முதலில் எடுத்த இரண்டு பகுதிகள் லட்சத்தீவும் புதுச்சேரியும். கரையில் எல்லைக்கல் இருக்கிறது, மீனுக்கும் மணலுக்கும் இல்லை. ஆகவே தரங்கம்பாடி, நாகூர்ப் பக்கத்து ஊர்கள் காரைக்கால் வரைவுகளையும் வாங்கிப் பார்ப்பது நல்லது.

விதிமீறலை யாரிடம், எத்தனை நாளுக்குள் சொல்ல வேண்டும்?

ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் குழுவுக்கும், சென்னையிலுள்ள மாநிலக் கடலோர மண்டல மேலாண்மை ஆணையத்துக்கும் ஒரே நாளில், சேர்ந்ததற்கு ஒப்புகை கிடைக்கும்படி தபாலில் அனுப்புங்கள். படம், புள்ளி, சர்வே எண், தேதி இணைக்கவும். அனுமதி வாங்கியிருக்கிறார்களா என்று தெரியாவிட்டால் தகவல் உரிமை மனு போடுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும்.

ஆனால் பதிலுக்காகக் காத்திருந்து கெடுவைத் தவறவிடாதீர்கள். கொடுத்த அனுமதியை எதிர்த்துத் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வில் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள். அனுமதியே இல்லாமல் நடக்கும் வேலையானால், பிரச்சினை முதலில் எழுந்த நாளிலிருந்து 6 மாதம், அதற்கு மேல் 60 நாள். முதல் ஜே.சி.பி. கரையில் இறங்கிய தேதியை ஊர்நோட்டில் எழுதி, அன்றைய நாளிதழ் தெரியும்படி ஒரு படமும் எடுத்துவையுங்கள்.